ஆங்கிலத்தின் ‘வாஸ் டன்’ தமிழில் ‘செய்யப்பட்டது’ ஆகும்போது: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழி

செய்தவரை விட்டுவிட்டு, செய்யப்பட்ட பொருளை எழுவாயாக்கும் வடிவம் செயப்பாட்டு வினை. ஆங்கிலத்தில் அதற்கு அச்சு பெரும்பாலும் ஒன்றுதான். இஸ், வாஸ், பீன், பீயிங் என்று ‘பி’ குடும்பத்துத் துணைவினை ஒன்று. அதன்பின் டன், கிவன் போன்ற வினையின் மூன்றாம் வடிவம். கடைக் கதவில் தொங்கும் ‘ஷாப் இஸ் க்ளோஸ்ட்’ அட்டைக்கும் அதே அச்சு, நீதிமன்றத் தீர்ப்பின் கடைசி வரிக்கும் அதே அச்சு. தமிழில் இந்த வேலையை ஐந்தாறு வடிவங்கள் பங்குபோட்டுச் செய்கின்றன. ‘செய்யப்பட்டது’ அவற்றில் ஒன்று மட்டுமே. ஆங்கில மூலத்தைப் பார்த்து எழுதும்போதும், மொழிபெயர்ப்புப் பொறி தந்ததைத் திருத்தும்போதும், எல்லாச் சுமையையும் அந்த ஒன்றின் தலையில் ஏற்றுவதால்தான் பெரும்பாலான பழுதுகள் வருகின்றன.

முதலில் கோப்பைத் திறந்து ‘பட்ட’, ‘படு’, ‘பட’ என்ற மூன்றையும் தனித்தனியாகத் தேடுங்கள். ‘கோபப்பட்டார்’, ‘புறப்பட்டது’, ‘செயல்படுகிறது’ போன்றவையும் வலையில் சிக்கும். அவை செயப்பாட்டு வினைகள் அல்ல, விட்டுவிடலாம். பிரித்தறிய ஒரு சோதனை போதும்: ‘படு’வை எடுத்துவிட்டால் மிஞ்சுவது ‘செய்ய’, ‘எழுத’, ‘கொடுக்க’ போன்ற எச்சமா? அப்படியானால் செயப்பாட்டு வினை. கோபம், ஆசை, புறம் என்று பெயர்ச்சொல் மிஞ்சினால் தனி வினை. இனி, கண்ணில் படும் அறிகுறிக்கு ஏற்ற பகுதிக்குப் போகலாம்.

அறிகுறி: ‘விண்ணப்பத்தை நிராகரிக்கப்பட்டது’

மிகப் பரவலான பிழை இதுதான். வாக்கியத்தைச் செய்வினையாகத் தொடங்கி, ‘ஐ’ உருபும் போட்டு, நடுவில் தேதி, விதி எண், காரணம் எல்லாம் சொல்லி, கடைசி வினைக்கு வரும்போது மனம் மாறியிருக்கும். வினை இறுதியில் நிற்கும் மொழி என்பதால் தொடக்கத்துக்கும் முடிவுக்கும் இடையே இருபது சொற்கள் நுழைந்துவிடுகின்றன; உருபு மறந்துபோகிறது.

திருத்தம் இரண்டு. உருபை எடுத்தால் ‘விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது’. வினையை மாற்றினால் ‘விண்ணப்பத்தை நிராகரித்தனர்’. எதை எடுத்தாலும் எண்ணையும் கவனியுங்கள்: ‘விண்ணப்பங்கள் நிராகரிக்கப்பட்டது’ தவறு, ‘நிராகரிக்கப்பட்டன’ சரி. ‘வைக்கப்பட்டுள்ளது’, ‘வைக்கப்பட்டுள்ளன’ விஷயத்திலும் அதே கணக்கு. பேச்சில் பன்மைக்கும் ‘-து’ போதும் என்பதால் காதுக்குத் தவறாகவே படாது. ஆகவே கண்ணால்தான் பிடிக்க வேண்டும்.

அறிகுறி: ‘அவர் பரிசு கொடுக்கப்பட்டார்’, ‘நான் சொல்லப்பட்டேன்’

ஆங்கிலத்தில் பெறுபவரையும் எழுவாய் ஆக்கலாம். ‘ஹி வாஸ் கிவன் எ ப்ரைஸ்’ அங்கே முறையான வாக்கியம். தமிழில் பெறுபவருக்குக் ‘கு’ உருபு உண்டு. செயப்பாட்டு வினை அதைப் பிடுங்காது. கொடு, தா, வழங்கு, காட்டு, சொல், மறு ஆகிய வினைகளில் இந்தப் பழுது அடிக்கடி வரும்.

‘அவருக்குப் பரிசு கொடுக்கப்பட்டது’ என்றால் இலக்கணம் சரியாகிவிடும். ‘அவர் பரிசு பெற்றார்’ என்றால் வாக்கியமும் நன்றாக இருக்கும். ‘அவர் அனுமதி மறுக்கப்பட்டார்’ என்பதற்கு ‘அவருக்கு அனுமதி மறுக்கப்பட்டது’. ‘ஐ வாஸ் டோல்ட்’ வந்தால் ‘என்னிடம் சொன்னார்கள்’. யார் சொன்னார்கள் என்று ஆங்கிலம் சொல்லவில்லையே என்று தயங்க வேண்டாம். இந்த ‘ஆர்கள்’ யாரையும் குறிப்பாகச் சுட்டுவதில்லை.

இதே இனத்தில் இன்னொன்று: ‘நான் ஆச்சரியப்படுத்தப்பட்டேன்’. உணர்ச்சியைச் சொல்லும் ஆங்கில வினைகளுக்குச் செயப்பாட்டு உடை பழக்கம். தமிழில் ‘எனக்கு ஆச்சரியமாக இருந்தது’ அல்லது ‘அசந்துபோனேன்’.

அறிகுறி: ‘கோப்பு நீக்கப்பட முடியவில்லை’, ‘படிவம் சமர்ப்பிக்கப்பட வேண்டும்’

செயலிகளிலும் படிவங்களிலும் இது குவிந்து கிடக்கிறது. காரணம் எளிது. ஆங்கிலத்தில் கேன், மஸ்ட், மே ஆகியவற்றுக்கு எழுவாய் கட்டாயம். செய்பவரைச் சொல்லாமல் விட வேண்டுமானால் பொருளைக் கொண்டுவந்து எழுவாய் இடத்தில் உட்கார வைத்து, வினையைச் செயப்பாட்டுக்கு மாற்றியாக வேண்டும். தமிழில் அந்தக் கட்டாயமே இல்லை. ‘வேண்டும்’, ‘கூடாது’, ‘முடியும்’, ‘-லாம்’ எல்லாம் செய்பவர் இல்லாமலேயே நிற்கும். ‘பூக்களைப் பறிக்கக் கூடாது’ என்ற பூங்காப் பலகையில் எழுவாய் எங்கே இருக்கிறது? இல்லாததால் யாருக்கும் குழப்பமும் வரவில்லை.

எனவே ‘பட’வை அப்படியே வெட்டி, பொருளுக்கு ‘ஐ’ கொடுத்தால் வேலை முடிந்தது.

‘கோப்பு நீக்கப்பட முடியவில்லை’ என்பது ‘கோப்பை நீக்க முடியவில்லை’ ஆகும்.
‘படிவம் 31-ஆம் தேதிக்குள் சமர்ப்பிக்கப்பட வேண்டும்’ என்பது ‘படிவத்தை 31-ஆம் தேதிக்குள் சமர்ப்பிக்க வேண்டும்’ ஆகும்.
‘இந்த மருந்து குழந்தைகளுக்குக் கொடுக்கப்படக் கூடாது’ என்பது ‘இந்த மருந்தைக் குழந்தைகளுக்குக் கொடுக்கக் கூடாது’ ஆகும்.

இவற்றில் ‘முடியும்’ கண்டிப்பான வகை. ‘பட முடியும்’ என்று வந்தாலே பழுது என்று வைத்துக்கொள்ளலாம். ‘பட வேண்டும்’ சற்று நெகிழ்வானது. ‘சட்டம் திருத்தப்பட வேண்டும்’ என்று கோரிக்கையாக எழுதும்போது, வாசிப்பவர் திருத்தப் போவதில்லை, வேறு யாரோ திருத்த வேண்டும் என்ற தொனி அதில் இருக்கிறது. அங்கே அது இருக்கட்டும். வாசிப்பவரே செய்ய வேண்டிய காரியத்துக்கு மட்டும் எடுத்துவிடுங்கள்.

அறிகுறி: வாக்கியத்தில் ‘ஆல்’ துருத்திக்கொண்டு நிற்கிறது

‘புதிய பாலம் அமைச்சரால் திறந்து வைக்கப்பட்டது.’ செய்தவர் பெயரே வாக்கியத்தில் இருக்கிறதே, பிறகு எதற்குச் சுற்றுவழி? ‘புதிய பாலத்தை அமைச்சர் திறந்து வைத்தார்.’ பாலத்துக்கு முதலிடம் வேண்டும் என்பதற்காகத்தான் ஆங்கிலம் செயப்பாட்டுக்குப் போகிறது. தமிழில் உருபு இருப்பதால் பாலத்தை முன்னால் தூக்கி வைக்கச் செயப்பாட்டு வினை தேவையில்லை.

இன்னொரு சிக்கல், ‘ஆல்’ பல வேலை பார்க்கும் உருபு. கத்தியால் வெட்டினான் என்றால் கருவி, மழையால் நின்றது என்றால் காரணம், என்னால் முடியும் என்றால் திறன். ‘ஆட்டம் மழையால் நிறுத்தப்பட்டது’ என்ற வரியில் மழை காரணமா, நிறுத்திய ஆளா? ‘மழை பெய்ததால் ஆட்டம் நின்றது’, ‘மழை காரணமாக நடுவர்கள் ஆட்டத்தை நிறுத்தினர்’ இரண்டும் தெளிவு.

‘புயலால் பாதிக்கப்பட்ட மாவட்டங்கள்’, ‘போலீசாரால் தேடப்படும் நபர்’ ஆகியவற்றை மாற்ற வேண்டியதில்லை. அவை வேரூன்றிவிட்டன, மாற்றினால்தான் இடறும்.

அறிகுறி: ‘வறுக்கப்பட்ட கடலை’, ‘அவிக்கப்பட்ட முட்டை’

தின்பண்டப் பொட்டலங்களிலும் உணவுக் குறிப்புகளிலும் பார்க்கலாம். ஆங்கிலத்தில் ‘ரோஸ்டட்’, ‘பாயில்ட்’ என்பவை செயப்பாட்டு எச்சங்கள். அதை மிகக் கவனமாக, ஒரு துளி சிந்தாமல் தமிழில் ஊற்றியதன் விளைவு இது. தமிழ்ப் பெயரெச்சத்துக்கு யார் செய்தது, எது செய்யப்பட்டது என்ற பேதம் தேவையில்லை. வறுத்த கடலை, அவித்த முட்டை, பொரித்த மீன், காய்ச்சிய பால். கடலை எதையும் வறுக்காது என்று எல்லோருக்கும் தெரியும்.

செய்தவர் பெயர் வந்தாலும் இப்படித்தான். ‘பாரதியாரால் எழுதப்பட்ட பாடல்’ என்பதைவிட ‘பாரதியார் எழுதிய பாடல்’ சிறியது, நேரானது. ‘நேற்று வாங்கப்பட்ட புத்தகம்’ வேண்டாம். ‘நேற்று வாங்கிய புத்தகம்’ போதும்.

ஆனால் உயிருள்ள பெயர் வந்தால் கையை நிறுத்துங்கள். புலி கொல் யானை என்று பழைய உரையாசிரியர்கள் காட்டும் எடுத்துக்காட்டு இதற்குத்தான்: புலியைக் கொன்ற யானையா, புலி கொன்றதால் செத்த யானையா? இரண்டும் கொல்லக்கூடியவை என்பதால் சொற்களை வைத்து மட்டும் தீர்ப்புச் சொல்ல முடியாது. ‘கைது செய்த நபர்’ என்று தலைப்புப் போட்டால் காவலரா, பிடிபட்டவரா? இங்கே ‘கைது செய்யப்பட்ட நபர்’ கட்டாயம். ‘தாக்கிய மாணவர்’, ‘தாக்கப்பட்ட மாணவர்’ இரண்டில் ஒரு ‘ப்பட்ட’ விட்டுப்போனால் வழக்கே தலைகீழாகும். ஆக, பெயரெச்சத்தில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: அடுத்து நிற்கும் பெயர் அந்த வேலையைத் தானே செய்யக்கூடியதா? செய்யும் என்றால் ‘ப்பட்ட’ வேண்டும். செய்யாது என்றால் தூக்கிவிடலாம்.

அறிகுறி: ‘பேருந்துக் கட்டணம் உயர்ந்தது’ சரியா, ‘உயர்த்தப்பட்டது’ சரியா?

இரண்டும் சரி, ஆனால் இரண்டும் ஒன்றல்ல. தமிழில் ஏராளமான வினைகள் சோடியாக வருகின்றன: உடைந்தது, உடைத்தது, குறைந்தது, குறைத்தது, பரவியது, பரப்பியது, மாறியது, மாற்றியது, நிரம்பியது, நிரப்பியது. முதலாவது தானாக நடப்பது, இரண்டாவது ஒருவர் நடத்துவது. செயப்பாட்டு வினை இரண்டாவதிலிருந்துதான் பிறக்கும். அதனால் ‘உயர்த்தப்பட்டது’ என்ற சொல்லுக்குள் பெயர் சொல்லாத ஓர் ஆள் எப்போதும் நின்றுகொண்டிருப்பார். ‘உயர்ந்தது’ என்பதில் ஆளே இல்லை.

தக்காளி விலை வரத்துக் குறைவால் ஏறினால் ‘உயர்ந்தது’. கட்டணத்தை ஒரு நிர்வாகம் உத்தரவு போட்டு ஏற்றினால் ‘உயர்த்தப்பட்டது’, முடிந்தால் ‘உயர்த்தியது’. வதந்தி ‘பரவியது’ என்று எழுதினால் யார்மீதும் குற்றம் இல்லை. ‘பரப்பப்பட்டது’ என்றால் வேண்டுமென்றே ஒருவர் செய்தார் என்று சொல்லிவிட்டீர்கள். ஆதாரம் கையில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ‘சிலை உடைந்தது’, ‘சிலை உடைக்கப்பட்டது’ என்ற இரண்டு தலைப்புகளும் ஊரில் உண்டாக்கும் விளைவு வேறு வேறு. ‘செயப்பாட்டு வினையைத் தவிர்’ என்ற பொது அறிவுரை வழுக்கும் இடமும் இதுதான். ‘உடைக்கப்பட்டது’ என்பதை எளிமைக்காக ‘உடைந்தது’ ஆக்கும் ஆசிரியர், தெரியாமலேயே ஒரு செயலை விபத்தாக்கிவிடுகிறார்.

மறுபக்கமும் உண்டு. ‘இஸ் லொகேட்டட்’ என்பதைப் பார்த்துக் ‘கோயில் மலையடிவாரத்தில் அமைக்கப்பட்டுள்ளது’ என்று எழுதினால், கட்டியவரைத் தேட வைக்கிறது. ‘அமைந்துள்ளது’ போதும், ‘இருக்கிறது’ இன்னும் நன்று. ‘இந்த எண்ணெய் சமையலுக்குப் பயன்படுத்தப்படுகிறது’ என்பதைப் பெரும்பாலும் ‘பயன்படுகிறது’ என்று சுருக்கலாம். ஆனால் ‘திட்டம் செயல்படுத்தப்படுகிறது’ என்பதைச் ‘செயல்படுகிறது’ என்று சுருக்காதீர்கள். முதலாவது அதிகாரிகள் வேலை பார்ப்பதைச் சொல்கிறது, இரண்டாவது திட்டம் பலன் தருவதாக உறுதி கொடுக்கிறது.

அறிகுறி: கதையில் பாத்திரங்கள் அரசாணை போலப் பேசுகிறார்கள்

‘என் சைக்கிள் திருடப்பட்டுவிட்டது’ என்று எந்த ஊரிலும் யாரும் அழுதுகொண்டு வருவதில்லை. ‘என் சைக்கிளத் திருடிட்டாங்க’ என்பார்கள். அன்றாட ஆங்கிலத்தில் செயப்பாட்டு வினை சர்வசாதாரணம். பேச்சுத் தமிழில் ‘ப்பட்டது’ அநேகமாக இல்லவே இல்லை. வசனம், வசனவரி (சப்டைட்டில்), குறுஞ்செய்தி, விளம்பரம் எழுதுபவர்கள் கீழ்க்காணும் மாற்றுகளைக் கைவசம் வைத்திருக்க வேண்டும்.

செய்தவர் தெரியாவிட்டால் ‘-ஆங்க’: ‘ரோட்டைத் தோண்டிப் போட்டுட்டாங்க.’

வேலை முடிந்த செய்தி மட்டும் முக்கியமானால் ‘ஆச்சு’: ‘பில் கட்டியாச்சு’, ‘சொல்லியாச்சு’. ஆங்கிலத்தின் ‘ஹேஸ் பீன் பெய்ட்’ செய்யும் வேலையை இது ஒரே சொல்லில் முடிக்கிறது. எழுத்து நடையில் ‘கட்டியாயிற்று’.

விளைவு கண்முன்னே நிற்குமானால் ‘இருக்கு’: ‘கதவு பூட்டியிருக்கு’, ‘போர்டுல எழுதியிருக்கு’. இதைக் கொச்சை என்று நினைத்துப் ‘பூட்டப்பட்டுள்ளது’ என்று திருத்துபவர்கள் உண்டு. தேவையில்லாத திருத்தம். செய்யப்படும் பொருளைச் செய்தது போலச் சொல்வது வழக்கில் உள்ள மரபு என்று தொல்காப்பியமே வினையியலில் விதி வைத்திருக்கிறது. ‘திண்ணை மெழுகிற்று’ என்பது உரைகாரர்கள் தரும் உதாரணம். திண்ணை தன்னை மெழுகிக்கொள்ளவில்லை. பூட்டியிருக்கும் கதவும் அந்தத் திண்ணையின் சொந்தம்தான்.

உடம்புக்கோ மானத்துக்கோ அடி விழுந்தால் ‘வாங்கு’, ‘படு’, ‘மாட்டு’: திட்டு வாங்கினான், அடிபட்டது, லிஃப்டில் மாட்டிக்கொண்டார்கள். ஆங்கிலத்தில் ‘காட் ஸ்கோல்டட்’ போல ‘பி’க்குப் பதில் ‘காட்’ போட்ட செயப்பாட்டுக்கு இவை அளவெடுத்துத் தைத்தவை.

அறிகுறி: ‘பொதுமக்கள் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்’

அலுவலக அறிவிப்பின் முத்திரை வாக்கியம். ‘ஆர் ரிக்வெஸ்டட் டு’ என்ற ஆங்கில மரியாதைச் சொற்றொடரின் நேர் நகல். கீழே கையெழுத்தும் பதவியும் இருக்கும்போது கேட்பவர் யார் என்பது ரகசியமே இல்லை. ‘கேட்டுக்கொள்கிறோம்’ என்று முடித்தால் மரியாதை குறையாது. தனி அதிகாரியின் கடிதமானால் ‘கேட்டுக்கொள்கிறேன்’.

‘பரிசீலிக்கப்பட்டு வருகிறது’ இன்னொன்று. ‘இஸ் பீயிங் கன்சிடர்ட்’ இதன் மூலம். ‘பரிசீலனையில் உள்ளது’ எழுதலாம். ஆனால் மனு கொடுத்தவருக்கு உண்மையில் தேவைப்படுவது எந்தப் பிரிவில், எந்தத் தேதிவரை என்ற விவரம். வினை வடிவத்தை மாற்றுவதோடு நிறுத்திவிட்டால் பழுது பாதிதான் நீங்கும்.

அரசாணை, ஒப்பந்தம், நீதிமன்ற உத்தரவு ஆகியவற்றில் ‘ஆணையிடப்படுகிறது’, ‘இதனால் அறிவிக்கப்படுகிறது’ என்ற மரபுத் தொடர்களைத் தொடாதீர்கள். அங்கே பேசுவது ஆள் அல்ல, பதவி. வார்த்தை மாறினால் பொருள் மாறியதா என்று வழக்கறிஞர்கள் கேட்பார்கள்.

அறிகுறி: செய்தியில் நான்கு வரிக்கு ஒரு ‘கூறப்படுகிறது’

கூறப்படுகிறது, சொல்லப்படுகிறது, கருதப்படுகிறது, நம்பப்படுகிறது. நான்கையும் வட்டமிட்டு, ஒவ்வொன்றின் பக்கத்திலும் ‘யாரால்?’ என்று எழுதுங்கள். விடை தெரிந்தால் அதைப் போடுங்கள்: ‘என்று மருத்துவமனை தெரிவித்தது’. விடை தெரியாவிட்டால் அந்த வரி செய்தியில் இருக்கத் தகுதியானதா என்பதே கேள்வி. விதிவிலக்கு, ‘குற்றம் சாட்டப்பட்டவர்’. தீர்ப்பு வரும்வரை அந்த ‘ப்பட்டவர்’ ஒருவருடைய உரிமை.

வரையறை எழுதும்போது ‘என்று அழைக்கப்படுகிறது’ தேவையில்லை. ‘எனப்படும்’, ‘என்பர்’, ‘என்று பெயர்’ மூன்றும் இருக்கின்றன.

அறிகுறி: ‘பூட்டை உடைத்து நகைகள் திருடப்பட்டன’

‘உடைத்து’ என்ற எச்சத்துக்கும் ‘திருடப்பட்டன’ என்ற முற்றுக்கும் எழுவாய் ஒன்றாக இருக்க வேண்டும். இங்கே நகைகள் பூட்டை உடைத்ததாக இலக்கணம் சொல்கிறது. ‘பூட்டை உடைத்து நகைகளைத் திருடிச் சென்றனர்’ என்பது சுத்தமான திருத்தம். திருடர் ஒருவரா பலரா என்று தெரியாததால் ‘-னர்’ போட அஞ்சினால், ‘பூட்டு உடைக்கப்பட்டிருந்தது; நகைகள் திருடப்பட்டிருந்தன’ என்று இரண்டையும் செயப்பாட்டுக்குக் கொண்டுவரலாம். கனமாக இருக்கும், ஆனால் கால் தட்டாது.

சில்லறைப் பழுதுகள்

‘செய்ய பட்டது’, ‘செய்யபட்டது’ இரண்டும் தவறு. ‘செய்ய’ போன்ற எச்சத்தின் பின் வல்லினம் மிகும். சேர்த்தும் எழுத வேண்டும். ‘யபட்ட’, ‘கபட்ட’, ‘தபட்ட’ என்று தேடினால் பெரும்பாலானவை அகப்படும்.

‘நடத்தப்பட்டு வரப்படுகிறது’ இரட்டைப் பூட்டு. ‘நடத்தப்பட்டு வருகிறது’ போதும்.

‘ஈடுபடப்பட்டார்’ என்ற சொல் கிடையாது. தானாகச் சேர்ந்தால் ‘ஈடுபட்டார்’, பிறர் சேர்த்தால் ‘ஈடுபடுத்தப்பட்டார்’.

செயப்படுபொருள் ஏற்காத வினையில் செயப்பாட்டு வினை பிறக்காது. ‘வரப்பட்டது’ தவறு. ஆனால் ‘கொண்டுவரப்பட்டது’ சரி, ஏனென்றால் ‘கொண்டுவா’ பொருளை ஏற்கும்.

கல்வெட்டுப் பலகையிலும் விழா மலரிலும் ‘திறந்து வைக்கப்பெற்றது’ என்ற ‘பெறு’ வடிவத்தைக் காணலாம். நல்லதற்குப் ‘பெறு’ என்று சிலர் வைத்துக்கொள்ளும் மரியாதை அது. தவறில்லை, ஒரே கட்டுரையில் இரண்டையும் கலக்காமல் இருந்தால் சரி.

அறிகுறி: ‘ப்பட்ட’ எல்லாவற்றையும் நீக்கியபின் கட்டுரை தள்ளாடுகிறது

அளவுக்கு மீறித் திருத்தியிருக்கிறீர்கள். செயப்பாட்டு வினையே ஆங்கிலம் கொண்டுவந்த சரக்கு என்ற பேச்சை நம்பியவர்களுக்கு இது நேரும். திருக்குறளின் 291-ஆம் குறள் ‘வாய்மை எனப்படுவது’ என்றுதான் தொடங்குகிறது. 49-ஆம் குறளில் ‘எனப்பட்டதே’ உண்டு. வடிவம் பழையது, இன்று அது கொட்டிக் கிடக்கும் அளவுதான் புதியது.

மூன்று இடங்களில் அதைத் திரும்ப வையுங்கள். ஒன்று, பத்தி முழுவதும் ஒரே பொருளைப் பற்றிப் பேசும்போது: ‘இந்த அணை 1934-இல் கட்டி முடிக்கப்பட்டது’ என்ற வரி மேட்டூர் அணை பற்றிய பத்தியில் பொருத்தமாக உட்காரும், கட்டியவர்களை எழுவாயாக்கினால் பேச்சு அணையை விட்டு விலகும். இரண்டு, செய்தவர் தெரியாமல், அவர் இருக்கிறார் என்பது மட்டும் உறுதியானபோது. மூன்று, ஆய்வுக்கூட அறிக்கையில்: ‘கரைசல் 80 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கப்பட்டது’ என்பதில் சூடாக்கிய கை யாருடையது என்பது முடிவைப் பாதிக்காது. அதே படியைச் செய்முறைக் குறிப்பாக எழுதும்போது மட்டும் ‘கரைசலை 80 டிகிரிக்குச் சூடாக்கவும்’.